காணாத நிலத்துக்குக் கணக்கு எழுதுவோர்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்” என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டிலும் முதலிற் போட்ட கணக்கு முடிவுவரை நிற்பதில்லை என்பதை அனுபவித்தவர் அறிவர். ஓடு இத்தனை, மரம் இத்தனை, சீமெந்து இத்தனை என்று கொப்பியிலே வரிவரியாக எழுதி வைக்கின்றோம். மேசனாரும் விரல் மடித்து எண்ணி ஒரு தொகை சொல்கின்றார். நல்ல நாள் பார்த்து அத்திவாரம் வெட்டத் தொடங்கிய மூன்றாம் நாளே அந்தத் தொகை ஆட்டங் காண்கின்றது. ஒரு மூலையிலே பாறை தட்டுப்படுகின்றது. அல்லது முழங்காலளவு தண்ணீர் ஊறி நிற்கின்றது. அல்லது யாரோ எப்போதோ தூர்த்து மூடிய பழைய கிணறு ஒன்று வாய் திறக்கின்றது.

கூரையின் செலவில் இத்துணைப் பிழை நேர்வதில்லை. சுவரின் செலவிலும் நேர்வதில்லை. அவற்றை நாம் கண்ணாற் கண்டு கணக்கிடுகின்றோம். நிலத்தின் வயிற்றையோ எவரும் கண்டிலர்.

ஒரு சிறு வீட்டுக்கே இந்நிலையென்றால், முப்பது நாற்பது மாடி கொண்ட கட்டடத்துக்கும், ஆற்றின் குறுக்கே எழும் பாலத்துக்கும் எவ்வாறு இருக்கும்? அங்கேயும் மண்ணில் ஒரு கூடை எடுக்குமுன்னரே, “நிலத்தடி வேலைக்கு இவ்வளவு செல்லும்” என்று ஒரு தொகையை எழுதிக் கொடுக்க வேண்டிய ஒருவர் இருக்கின்றார். அவரே அத்திவார வேலைகளின் செலவு மதிப்பீட்டாளர். கட்டடம் திறந்து வைக்கப்படும் நாளில் அவருக்கு மாலை விழுவதில்லை. அவரது கணக்குச் சரியாக இருந்தால் எவரும் அவரை நினைப்பதில்லை. பிழைத்தால் மட்டும் எல்லோரும் தேடுவர். இப்படிப்பட்ட ஒரு தொழிலைப் பற்றி நம் குடும்பத்தாரும் மாணவரும் சிறிது அறிந்திருத்தல் நன்று எனக் கருதுகின்றோம்.

மண்ணை வாய் திறக்கச் செய்தல்

நிலத்தை முழுவதும் பிளந்து பார்த்தல் இயலாது. ஆயினும் அதனைப் பேசச் செய்யும் வழிகள் உண்டு. கட்டடம் எழவிருக்கும் இடத்திற் சில ஆய்வுத் துளைகள் இடுவர். துளை ஆழ ஆழ, குறித்த இடைவெளிகளில், உள்ளே ஓர் இரும்புக் குழலை நிறுத்தி, 63.5 கிலோகிராம் நிறையுள்ள சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழச் செய்வர். குழல் முதல் 15 சென்ரிமீற்றர் இறங்கியதைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. அடுத்த 30 சென்ரிமீற்றர் இறங்குவதற்கு எத்தனை அடி வேண்டியிருந்தது என்பதையே எண்ணுவர். மூன்று நான்கு அடியில் இறங்கினால் மண் மிகத் தளர்ந்தது. ஐம்பது அடி அடித்தும் இறங்க மறுத்தால் அது நன்கு இறுகியது. குழலினுள்ளே அகப்பட்டு வரும் மண்ணை எடுத்து ஆய்வுகூடத்திலும் சோதிப்பர். மண்ணின் நடத்தையை இவ்வாறு அளந்து அறிவதை ஒரு தனி விஞ்ஞானமாக நிலைநாட்டியவர் கார்ல் டெர்சாகி என்னும் அறிஞர். 1883இற் பிறந்து 1963இல் மறைந்த அவர், 1925ஆம் ஆண்டு வெளியிட்ட நூலே இத்துறைக்கு அடிக்கல்லாயிற்று.

ஆயினும் வாசகர்கள் ஒரு சிறு கணக்கை நம்மோடு சேர்ந்து போட்டுப் பார்த்தல் வேண்டும். 50 மீற்றர் நீளமும் 40 மீற்றர் அகலமும் உள்ள ஒரு நிலத்திலே, 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள நான்கு துளைகள் இடப்பட்டன என்க. அத்துளைகள் நான்கும் சேர்ந்து நிலப்பரப்பில் எத்தனையில் ஒரு பங்கு? அறுபதினாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கின்றோம். சோற்றுக்கு அது பொருந்தும். பானை முழுவதும் ஒரே அரிசி, ஒரே நெருப்பு. நிலத்துக்கு அது பொருந்தாது. இங்கே பாறை, பத்தடி தள்ளிச் சேறு. இதுவே நிலத்தின் இயல்பு. கண்ட நான்கு துளைகளைக் கொண்டு, காணாத மிகுதி நிலத்துக்கெல்லாம் கணக்கு எழுதுவதே மதிப்பீட்டாளரின் வேலை.

நம் நாட்டு நிலத்தின் குணங்கள்

இலங்கையின் நிலம் மதிப்பீட்டாளருக்கு எளிதில் வசப்படுவதன்று. இத்தீவின் பத்தில் ஒன்பது பங்களவுக்கு அடியில் இருப்பது மிகப் பழைய பளிங்குருப் பாறை. பாறைதானே, உறுதியன்றோ என நினைக்கலாம். ஆனால் வெயிலும் மழையும் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக அதனை அரித்துள்ளன. அந்த அரிப்பு எங்கும் ஒரே அளவாக நிகழவில்லை. ஆகையால் பாறையின் மேற்பரப்பு மேசைபோல இராது. குன்றும் குழியுமாகக் கிடக்கும். உக்கிய மண்ணின் நடுவே உருண்டைக் கற்கள் யானைக் குட்டிபோற் கிடப்பதும் உண்டு. துளையிடுவோர் அத்தகைய கல் ஒன்றைத் தொட்டதும், “பாறை வந்துவிட்டது” என்று எழுதிவிட்டால், கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். தொட்டதோடு நில்லாமல், பாறையினுள்ளே மேலுஞ் சில மீற்றர் குடைந்து பார்த்தே அதனை உறுதி செய்தல் வேண்டும்.

கொழும்பையும் அதனைச் சூழ்ந்த தாழ்நிலங்களையும் நோக்கினால் வேறொரு தொல்லை. அங்கே பல இடங்களில், உக்கிய செடிகொடிகளாலான கரிய சேற்றுமண் படைபடையாக உள்ளது. நீரிற் பஞ்சு போன்றது அது. சுமை ஏற்றினால் அமுங்கும். அமுங்குவதும் ஒரே நாளில் முடியாது, ஆண்டுக்கணக்கில் தொடரும். முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தின் ஊடாகச் செல்லும் கொழும்பு–கட்டுநாயக்க அதிவேக வீதி 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதில் வாகனம் ஓட்டிச் செல்லும் எவரும் கீழே உள்ள சேற்றை நினைப்பதில்லை. வீதியை அமைக்குமுன் நிலத்தையே திருத்தி உறுதியாக்க வேண்டியிருந்தது. இத்தகைய வேலைக்குச் செலவு எழுதுவோர், கல்லுக்கும் தாருக்கும் மட்டுமன்றி, மண் அமுங்கும்வரை காத்திருக்கும் காலத்துக்கும் விலை போடுதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். நமக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். கிணறு வெட்டிய வீட்டாருக்கு அதன் வன்மை தெரியும். ஆனால் மழைநீர் அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்து, உள்ளே குகைகளையும் பொந்துகளையும் உண்டாக்குகின்றது. புத்தூரின் நிலாவரைக் கிணறும் அவ்வாறு சுண்ணக்கல் கரைந்து உண்டானதே. அத்தகைய பொந்தின் மேல் அத்திவாரக் குழி அமைந்துவிட்டால், ஊற்றிய கொங்கிறீற்று கண்முன்னே உள்ளே இறங்கி மறைந்துவிடும். எழுதிய கணக்கும் அதனோடு மறையும்.

ஒரு தூணின் கணக்கு

மேல்மண் உறுதியற்ற இடங்களிலே, கட்டடத்தின் சுமையை ஆழத்திலுள்ள பாறைக்குக் கொண்டு செல்ல நிலத்தினுள்ளே கொங்கிறீற்றுத் தூண்கள் அமைப்பர். தொழிலாளர் இவற்றைப் ‘பைல்’ என்பர். 60 சென்ரிமீற்றர் விட்டமும் 12 மீற்றர் ஆழமும் உள்ள ஒரு பைலுக்குக் கொங்கிறீற்று 3.4 கன மீற்றர். நாற்பது பைலுக்கு 136 கன மீற்றர். கணிதம் கற்ற மாணவன் இதனை இரண்டு நிமிடத்திற் செய்துவிடுவான். ஆனால் மதிப்பீட்டாளரின் வேலை இதன் பின்னரே ஆரம்பமாகின்றது.

குடைந்த குழியின் பக்கங்கள் குழாய்போல வழுவழுப்பாக இரா. தளர்ந்த மண் சரிந்த இடங்களிற் குழி வீங்கும். அங்கெல்லாம் கொங்கிறீற்று மேலதிகமாகச் செல்லும். பத்தில் ஒரு பங்கு கூடினாலே 136 என்பது 150 ஆகும்.

வெளியே எடுக்கும் மண்ணின் கணக்கு வேறு. 136 கன மீற்றர் என்பது நாம் மணல் வாங்கும் அளவிற் சொன்னால் 48 கியூப். மூன்று கியூப் லொறியில் 16 நடை என்று எழுதுபவன் புதியவன். நிலத்தினுள் இறுகிக் கிடந்த மண் வெளியே வந்ததும் பொருமும். காற்பங்கு பொருமினால் 48 கியூப் 60 கியூப் ஆகும். நடையும் 20 ஆகும்.

குழி இடிந்து விழாமல் தாங்குவதற்கு ஒருவகைக் களிமண் கரைசலை நிரப்ப வேண்டும். குடையும் பெருவண்டியை வேலைத்தலத்துக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும் செலவு, ஐந்து பைலுக்கும் ஐம்பது பைலுக்கும் ஏறக்குறைய ஒன்றே. பைலின் தலையிலுள்ள கழிவுக் கொங்கிறீற்றை உடைத்து அகற்ற வேண்டும். பைல் சுமையைத் தாங்குமா என்று சோதித்துக் காட்ட வேண்டும். ஊறும் நீரை இரவு பகலாக இறைக்கும் இயந்திரத்துக்கு டீசல் வேண்டும். அதைக் காத்திருப்பவருக்குக் கூலி வேண்டும். நீரை அதிகமாக இறைத்தால் அயல் வீட்டின் கீழுள்ள மண்ணும் அமுங்கி, சுவர் வெடிக்கக் கூடும். ஆகவே வேலை தொடங்குமுன் அயல் வீடுகளிலே முன்னரே இருந்த வெடிப்புகளையெல்லாம் படம் பிடித்து வைத்தல் வேண்டும். அதற்கும் ஒரு தொகை எழுதல் வேண்டும். இவற்றுள் ஒன்றை மறந்தால், அந்த மறதிக்கு யாரோ ஒருவர் பணம் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு பழைய தாளின் கதை

இத்தொழிலிலே தம் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைக் கொழும்பிற் கண்டு உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. தேநீர் அருந்தியபின், அலுமாரியிலிருந்து மஞ்சளித்துப்போன ஒரு தாளை எடுத்து நம் முன்னே வைத்தார். கையெழுத்தில் எழுதிய கணக்கு. இறுதியிலிருந்து மூன்றாவது வரி சிவப்பு மையினால் வெட்டப்பட்டிருந்தது.

“தம்பி, என் வாழ்க்கையில் நான் மறக்காத வரி இது” என்றார்.

அவர் இளைஞராக இருந்த காலம். சிறிய ஒப்பந்தகாரர் ஒருவரிடம் வேலை. நாற்பது பைல் கொண்ட ஒரு வேலைக்குக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. நிலத்தில் இடப்பட்டிருந்த துளைகள் இரண்டே. இரண்டிலும் பாறை 12 மீற்றரில் இருந்தது. இரண்டு துளையும் நிலத்தின் ஒரே பக்கத்தில் இருப்பதை அவர் கவனித்தார். மற்றப் பக்கத்திலே நிலம் சதுப்பை நோக்கிச் சரிந்து செல்வதையும் நேரிற் சென்று கண்டார். ஆகவே, அப்பக்கத்திற் பாறை இன்னும் ஆழத்தில் இருக்கலாம் எனக் கருதி, ஒரு தொகையை ஒதுக்கி எழுதினார்.

கேள்விப்பத்திரம் சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முன்னிரவு முதலாளி அந்தத் தாளைப் பார்த்தார். “ஐசே, இந்தத் தொகையோடு போனால் வேலை எங்களுக்குக் கிடைக்காது. மற்றவன் இதைப் போடமாட்டான். வெட்டிவிடும்” என்றார். முதலாளி கெட்டவரல்லர். மூன்று மாதமாக வேலையில்லாமல் இருந்த ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. நம் பெரியவரும் சிவப்புப் பேனையை எடுத்து வெட்டினார்.

வேலை கிடைத்தது. முழுத் தொகைக்கும் ஒரே விலை என்ற ஒப்பந்தம். முதல் இருபது பைலும் 12 மீற்றரிலே பாறையைத் தொட்டன. மற்ற இருபதும் 17 மீற்றர் வரை இறங்கின. ஐந்து மீற்றர் வீதம் இருபது பைலுக்கு மேலதிகக் கொங்கிறீற்று மட்டும் 28 கன மீற்றர். கம்பியும், குடையும் வண்டியின் வாடகையும், பிந்திய நாட்களும் அதற்கு மேல். முதலாளி முதலில் லொறியை விற்றார். பின்னர் வீட்டை ஈடு வைத்தார். தொழிலாளருக்கு அந்தத் தைப்பொங்கலுக்குச் சம்பளம் கிடைக்கவில்லை.

“முதலாளி என்னை ஒரு சொல் ஏசவில்லை. அதுதான் இன்றும் சுடுகின்றது” என்றார் பெரியவர். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு மேலுஞ் சொன்னார்: “தொகையை வெட்டியது முதலாளியின் உரிமை. அவருடைய பணம், அவருடைய துணிவு. என் பிழை வேறு. ‘பன்னிரண்டு மீற்றர் என்று கொண்டே இந்த விலை கூறப்படுகின்றது, அதற்கு மேற் சென்றால் அளந்து பணம் தரப்படல் வேண்டும்’ என்று கேள்விப்பத்திரத்தோடு ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதிக் கையொப்பமிட்டேன்.”

சுமையை யார் சுமப்பது?

அந்த ஒரு வரியிலே இத்தொழிலின் சாரம் அடங்கியிருக்கின்றது. நிலத்தினுள் எதிர்பாராதது இருந்தே தீரும். அது வெளிப்படும்போது அதன் செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி. முழுத் தொகைக்கும் ஒரே விலை என்றால் ஒப்பந்தகாரர் ஏற்கின்றார். செய்த வேலையை அளந்து பணம் கொடுப்பது என்றால் உடையவர் ஏற்கின்றார். ஃபிடிக் எனப்படும் சர்வதேசப் பொறியியல் ஆலோசகர் சம்மேளனம் வகுத்த ஒப்பந்த நிபந்தனைகள் பல நாடுகளில் வழங்குகின்றன. அனுபவமுள்ள ஒப்பந்தகாரர் ஒருவராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாத நிலைமை நிலத்தில் எதிர்ப்பட்டால், அவருக்கு மேலதிக காலமும் செலவும் கிடைக்க அவற்றின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பு வழி செய்துள்ளது. ஆனால் “எதை எதிர்பார்த்து இவ்விலையை எழுதினாய்?” என்ற வினா எழும்போது, விடை தாளில் இருத்தல் வேண்டும்.

உடையவருக்கும் இங்கே ஒரு பாடம் உண்டு. மேலும் இரண்டு ஆய்வுத் துளை இடுவதற்கு ஆகும் செலவைக் கண்டு அவர் முகஞ் சுளிக்கின்றார். அத்துளைகள் கட்டடத்தில் எங்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை அல்லவா! ஆயினும் நிலத்தை ஆழ அறியாமையின் விலை எத்தகையது என்பதற்குக் கனடா நாட்டில் ஒரு சான்று உண்டு. வின்னிப்பெக் நகரின் அருகே, திரான்ஸ்கோனா என்னும் இடத்தில் மாபெரும் தானியக் களஞ்சியம் ஒன்று கட்டப்பட்டது. அதன் அத்திவார மட்டத்திலே மண்ணைச் சோதிக்காமல் விடவில்லை. அந்த மட்டத்திற் களிமண் உறுதியாகவே இருந்தது. அதன் கீழே மென்மையான களி மறைந்திருந்ததை மட்டும் எவரும் அறியவில்லை. 1913ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் கோதுமை நிரப்பப்பட்டபோது, களஞ்சியம் இறங்கத் தொடங்கியது; ஒரு நாள் அளவிலே ஏறக்குறைய 27 பாகை சாய்ந்து நின்றது. கட்டடம் உடையவில்லை. சுவரில் எக்குறையும் இல்லை. குறை நிலத்தினுள்ளே இருந்தது. பாறை வரை தூண்கள் இறக்கி அதனை நிமிர்த்துவதற்கு மறு ஆண்டும் சென்றது.

இது பழங்கதை எனத் தள்ளிவிட வேண்டா. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2009இல் திறக்கப்பட்ட 58 மாடிக் கோபுரம் ஒன்றின் பைல்கள் பாறை வரை செல்லாமல் மணற்படையிலே நின்றன. கோபுரம் இறங்கிச் சாயத் தொடங்கியது. பின்னர் அதனைத் தாங்குவதற்காகப் பாறை வரை 18 புதிய பைல்களை இறக்கினர். அத்திருத்த வேலை 2023இலேயே நிறைவெய்தியது. முதலிலே ஆழத்துக்குக் கொடுத்திருக்க வேண்டிய விலையும், கட்டி முடித்து மக்கள் குடியேறிய பின்னர் கொடுக்கும் விலையும் ஒன்றாகா.

மாணவர்க்கு ஒரு சொல்

பொறியியல் என்றால் பாலமும் அணையும் வரைவது மட்டுமே எனப் பல மாணவர் எண்ணுகின்றனர். செலவை அளந்து கூறுவதும் ஒரு தனிக் கல்வி. நம் நாட்டில் அதனைக் கணிய அளவையியல் என்பர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டப் படிப்பு உண்டு; உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகங்களில் உயர் தேசிய டிப்ளோமாவும் உண்டு. இவற்றைக் கற்ற நம் நாட்டு இளைஞரும் யுவதிகளும் மத்திய கிழக்கு நாடுகளில் நன்மதிப்போடு பணியாற்றுகின்றனர். அத்திவார வேலையிற் சிறப்புப் பெற விரும்புவோர் கணிதத்தோடு மண்ணியலையும் புவியியலையும் சிறிது கற்றல் நன்று. பெருக்கலையும் கூட்டலையும் இன்று கணினி நொடிப்பொழுதிற் செய்து தருகின்றது. ஆனால் துளை இடப்படாத பக்கத்திலே நிலம் சதுப்பை நோக்கிச் சரிகின்றது என்பதைச் சேறு மிதித்துச் சென்று கண்டு வருதல் மனிதன் செய்ய வேண்டிய வேலை.

பட்டத்தோடு இன்னொன்றும் வேண்டும். “இது எனக்குத் தெரியும்; இது எனக்குத் தெரியாது; தெரியாததற்கு இவ்வளவு ஒதுக்கியுள்ளேன்” என்று முதலாளியின் முகம் கறுத்தாலும் எழுதி வைக்கும் நேர்மை அது. குறைந்த தொகையைக் கூறி எவரையும் மகிழ்விப்பது எளிது. அம்மகிழ்ச்சி மண் வெட்டும் நாள் வரைக்குமே நிற்கும்.

வீடு கட்ட எண்ணியிருக்கும் குடும்பத்தாருக்கும் இது பயன்படும். பெரிய ஆய்வுகள் செய்ய வசதியில்லாவிடினும், நிலத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஆளளவு குழி வெட்டிப் பார்க்கலாம். மாரி காலத்தில் அயல் கிணற்றில் நீர்மட்டம் எங்கே நிற்கின்றது என்று விசாரிக்கலாம். அவ்வளவில் முன்பு கிணறோ குளமோ குப்பைக் குழியோ இருந்ததா என்று ஊரிலுள்ள முதியவரைக் கேட்கலாம். பின்னர், கொப்பியிலே ஓட்டுக்கும் மரத்துக்கும் சீமெந்துக்கும் எழுதியபின், “நிலத்தடி – தெரியாதது” என்று ஒரு வரி எழுதி, அதற்கு நேரே ஒரு தொகையையும் போடுங்கள். அந்த வரியைச் சிவப்பு மையினால் வெட்ட வேண்டா. அத்திவாரம் முடிந்து அத்தொகை மீந்திருந்தால், அதைக் கொண்டு கூரைக்கு நல்ல ஓடு வாங்கலாம்.